எத்தனை சதவீதம் என்பது பாதிக் கேள்விதான்

செய்தித்தாளில் தீ விபத்துச் செய்தி வந்தால் ஒரு வரி தவறாமல் இருக்கும்: '80 சதவீதத் தீக்காயங்களுடன் அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்.' படிக்கிறவர்கள் அதை மதிப்பெண் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். 80 என்றால் பிழைப்பது கஷ்டம், 20 என்றால் பயமில்லை, இரண்டு சதவீதம் என்றால் வீட்டிலேயே ஏதாவது தடவிக்கொள்ளலாம். சமையலறையில் நடக்கும் விபத்துக்கு வேறோர் அளவுகோல் வைத்திருக்கிறோம், அது வலி. பிள்ளை துடித்து அழுதால் பெரிய காயம். 'வலியெல்லாம் ஒண்ணுமில்ல' என்று பெரியவர் சொல்லிவிட்டால் சின்னக் காயம். தீக்காயத்தின் கடுமையை எடைபோட இந்த இரண்டையும் மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சதவீதம் உண்மையில் ஒரு பங்கைத்தான் சொல்கிறது. வலி பல நேரங்களில் நேர்மாறாகவே சொல்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடுத்தர அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுக்கு முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல, பக்கத்தில் நிற்கும் அம்மாவோ மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோதான். அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் சரியாக இருக்க வேண்டும்.

வலியிலிருந்தே தொடங்கலாம். தோலுக்கு இரண்டு அடுக்குகள். வெளியே மேல்தோல்; உடம்பின் பெரும்பகுதியில் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அடியில் உள்தோல், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை. ரத்தக் குழாய், நரம்பு முனை, வியர்வைச் சுரப்பி, முடிவேர் எல்லாம் இருப்பது உள்தோலில். வெயிலில் நின்று கன்றிப்போன தோலில் பாதிப்பு மேல்தோலோடு நின்றுவிடுகிறது. எரியும், சில நாளில் உரிந்து மறையும். வெந்நீர் கொட்டிக் கொப்புளம் எழும்பினால் சூடு உள்தோலின் மேற்பகுதியைத் தொட்டுவிட்டது என்று பொருள். கொப்புளம் உடைந்த இடம் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்கும், எடுத்தால் மறுபடி சிவக்கும். காற்றுப் பட்டாலே உயிர் போகும். அந்த வலி நல்ல சகுனம்தான். நரம்பு முனைகள் சாகவில்லை, ரத்தம் ஓடுகிறது, முடிவேர்களில் மிஞ்சிய செல்களிலிருந்து புதுத்தோல் இரண்டு வாரத்துக்குள் வளர்ந்துவிடும். சூடு இன்னும் கீழே இறங்கினால் காயம் திட்டுத்திட்டாக மங்கும், அழுத்தினாலும் நிறம் மாறாது, வலியும் குறையத் தொடங்கும். உள்தோல் முழுவதும் வெந்துபோனால் அந்த இடம் வெளுத்தோ பழுப்பாகவோ கருகியோ, விறைப்பாகிவிடும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஆகவே கையில் கரண்டி சுட்டு அலறுகிறவரைவிட, முதுகில் வெள்ளையாய் வெந்த இடத்தோடு 'வலிக்கலையே' என்று உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் பதற வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலில் எடுத்த படங்களைக் காட்டியே சிவப்பைப் பற்றிப் பேசின. நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. அதனால் நிறத்தை மட்டும் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

ஆழத்தைத் தீர்மானிப்பது சூடு மட்டுமல்ல, அந்தச் சூடு தோலில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதும்தான். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் 1947இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலைக் கெடுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் வேண்டும். அதற்கு மேல் முதல் சில டிகிரிகளுக்கு, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவைப்படும் நேரம் ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 60 டிகிரிக்குச் சில விநாடி போதும், 70 டிகிரிக்கு ஒரு விநாடி. நம் வீட்டுக் காயங்கள் பலவற்றுக்கு விளக்கம் இங்கே இருக்கிறது. டம்ளர் டீ மேலே சிந்தினால் வழிந்து ஆறிவிடுகிறது. கொதிக்கும் சாம்பாரும் பாயசமும் அப்படி வழிந்துவிடாது. பருப்பும் வெல்லப் பாகும் தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். வடை சுடும் எண்ணெயோ 180 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பைக் சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுக் காலை இழுத்துக்கொள்ள ஒரு நொடி ஆகாது, ஆனாலும் அந்த ரூபாய்க் காசு அளவுத் தழும்பு வருடக்கணக்கில் போவதில்லை. எதிர்முனையில், மிதமான சூடும் நேரம் கிடைத்தால் போதும் என்பதற்குச் சர்க்கரை நோயாளிகளின் பாதமே சாட்சி. உணர்ச்சி மங்கிய காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்குபவரும், உச்சி வெயிலில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்றுபவரும் சுட்டதே தெரியாமல் ஆழமான காயத்தோடு வருகிறார்கள். இங்கும் வலி எச்சரிக்கத் தவறுகிறது.

இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு, தீக்காயம் நெருப்பு அணைந்ததும் முடிந்துபோகும் சம்பவம் அல்ல என்பது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜாக்சன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1953இல் ஒரே காயத்துக்குள் மூன்று வட்டங்களைப் பிரித்துக் காட்டினார். நடுவில் செத்துப்போன திசு, அதை மீட்க வழியில்லை. வெளி ஓரத்தில் வெறுமனே சிவந்த பகுதி, அது தானே சரியாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ரத்த ஓட்டம் தடுமாறி நிற்கும் ஒரு வளையம், அடுத்த இரண்டு மூன்று நாளில் பிழைக்கவும் சாகவும் கூடியது. அதைக் காப்பாற்றினால் காயம் மேலோட்டமாக நிற்கும். கைவிட்டால் திங்கட்கிழமை கொப்புளமாக இருந்தது வியாழக்கிழமை ஆழ்ந்த புண்ணாகிவிடும். 'ஆஸ்பத்திரிக்குப் போனதும் காயம் பெருசாயிடுச்சு' என்ற புகார் பெரும்பாலும் இந்த நடு வளையம் தோற்றுப்போன கதை. டாக்டர் முதல் நாளில் 'மூணு நாள் போகட்டும், அப்புறம் சொல்றேன்' என்றால் அவர் நழுவுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

அந்த வளையத்துக்கு நாம் செய்யக்கூடிய உதவிகளில் தண்ணீருக்கு ஈடு கிடையாது. குழாயிலிருந்து ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. சுட்டதும் முப்பது விநாடி தண்ணீரில் காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறோம். தோலுக்கு அடியில் தேங்கிய சூடு அதற்குள் வெளியேறாது. இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும்: 'தண்ணி ஊத்துனா கொப்புளம் வந்துடும்.' தமிழ்நாட்டில் இதை நம்பாத தெரு இருக்காது. கொப்புளம் வருவது சூட்டால்தான். மேல்தோல் உள்தோலிலிருந்து விடுபட்டு இடையில் நீர் கோக்கிறது. அதற்குச் சில நிமிடமோ சில மணி நேரமோ ஆகும். அதற்குள் தண்ணீர் ஊற்றியிருந்தால் பழி தண்ணீர்மேல் விழுகிறது. ஊற்றாமல் விட்டிருந்தாலும் கொப்புளம் வந்திருக்கும், ஒருவேளை இன்னும் ஆழமாக.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. 'எங்க பாட்டி காலத்துலேர்ந்து தோசை மாவு, பேனா மை, டூத்பேஸ்ட் தடவித்தான் ஆறியிருக்கு.' ஆறியது உண்மைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. மேலோட்டமான காயம் எதைத் தடவினாலும், ஒன்றும் தடவாவிட்டாலும், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும் இயல்புடையது. வீட்டில் நேரும் பெரும்பாலான சுடுகாயங்கள் அந்த வகை என்பதால் மாவுக்கும் மைக்கும் நல்ல பெயர் கிடைத்துவிட்டது. சோதிக்க வேண்டிய இடம் ஆழமான காயம். அங்கே இவற்றால் கெடுதல்தான். பேஸ்ட் சூட்டை உள்ளேயே அடைக்கிறது, மாவில் கிருமி இருக்கிறது, மை நிறத்தை மறைக்கிறது. காயத்தின் ஆழத்தை நிறத்தை வைத்துத்தான் முதலில் கணிக்க வேண்டும் என்றிருக்க, மையில் ஊறிய கையோடு வரும் குழந்தைக்கு அதைத் தேய்த்துக் கழுவுவதே முதல் சித்திரவதை. ஐஸ் கட்டி நவீனமாகத் தெரிந்தாலும் அதுவும் தவறுதான்: ஏற்கெனவே தடுமாறும் ரத்தக் குழாய்களை அது இன்னும் சுருக்கி, பிழைக்க வேண்டிய வளையத்தைக் கொன்றுவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும் நியாயமானது. கைக்குழந்தையையோ உடம்பில் பெரும்பகுதி வெந்தவரையோ நெடுநேரம் நனைத்தால் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். காயத்தை நனைக்கலாம், மற்ற இடத்தைப் போர்த்தி வைக்க வேண்டும். வீக்கம் ஏறுவதற்குள் மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு துவைத்த பழைய வேட்டித் துணியால் தளர்வாக மூடினால் போதும்.

இனி சதவீதம். அந்த எண் எங்கிருந்து வருகிறது? எடின்பரோவின் வாலஸ் 1951இல் எளிய வழி ஒன்றைப் பரப்பினார். பெரியவர் உடம்பில் தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, பிறப்புறுப்பு 1. சின்னச் சின்னக் காயங்களுக்கு, காயமடைந்தவருடைய உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு சதவீதம். ஆக, செய்தித்தாள் சொல்லும் 80 என்பது பரப்பளவு, காயத்தின் கடுமை அல்ல. வெறுமனே சிவந்த இடம் கணக்கில் சேராது. இந்த ஒன்பதுக் கணக்கு குழந்தைகளுக்குப் பொருந்தவும் பொருந்தாது. 1942 நவம்பரில் பாஸ்டன் நகரின் கோகோநட் குரோவ் இரவு விடுதியில் 492 பேரைக் கொன்ற தீ, அந்த நகரத்தின் மருத்துவர்களைத் தீக்காயத்தைப் புதிதாக அளக்க வைத்தது. லண்டும் பிரவுடரும் 1944இல் வெளியிட்ட அட்டவணை வயதுக்கேற்பத் தலையையும் காலையும் வேறுவேறாகக் கணக்கிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்குத் தலை மட்டுமே ஏறக்குறைய 17 சதவீதம். அடுப்பு மேடையிலிருந்து இழுத்த பாத்திரம் தலையிலும் தோளிலும் கவிழ்ந்தால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தையின் தோல் வேறு மெல்லியது. அதே வெந்நீர் அதே நேரத்தில் அப்பாவைவிட ஆழமாக வேகவைக்கிறது.

பரப்பளவு ஏன் முக்கியம் என்றால், குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் தீக்காயம் தோலின் நோயாக இருப்பதில்லை, உடம்பு முழுவதற்குமான நோயாகிவிடுகிறது. பெரியவர்களுக்கு சுமார் 20 சதவீதம் தாண்டினால், வேகாத இடங்களிலும்கூட நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்கி உடம்பு வீங்குகிறது, குழாய்க்குள்ளோ ரத்தம் போதாமல் போகிறது. இதைக் கண்டுபிடிக்கத் தவறவைப்பது நோயாளியின் பேச்சுதான். பாதி உடம்பு வெந்தவர் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், எது எங்கே இருக்கிறது என்று சொல்வார். மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் பதிய முடிவதும் இதனால்தான். 'நல்லா பேசுறாரே' என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் அந்தப் பொழுதில்தான் கசிவு உச்சத்தில் இருக்கும். டல்லஸின் பார்க்லாண்ட் மருத்துவமனையில் பாக்ஸ்டர் 1968இல் வகுத்த கணக்கு இன்றும் தொடக்கப் புள்ளி: எடை கிலோவில், காயம் சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி நான்கால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய நீர் மில்லிலிட்டரில் கிடைக்கும். 60 கிலோ, 40 சதவீதம் என்றால் 9,600 மில்லிலிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும், அந்த எட்டு மணியும் தீப்பிடித்த நேரத்திலிருந்து எண்ணப்படும். மாவட்டத்திலிருந்து சென்னை கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டுக்குப் புறப்பட்டு, வழியில் ட்ரிப்ஸ் இல்லாமல் நான்கு மணி நேரம் ஓடினால், எட்டில் பாதி வீணாகிவிட்டது. 'நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்' என்ற ஆசை புரிகிறது. ஆனால் பக்கத்து அரசு மருத்துவமனையில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு புறப்படுவதே சரி.

இவ்வளவு பயனுள்ள சதவீதத்தை ஏன் பாதிக் கேள்வி என்கிறேன்? அதே எண் வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு தீர்ப்பு. வயதையும் சதவீதத்தையும் கூட்டினால் ஆபத்து ஓரளவு தெரியும் என்று 1961இல் பிரான்சின் போ முன்வைத்தார். 25 வயதில் 30 சதவீதம் என்றால் 55; 75 வயதில் அதே 30 சதவீதம் 105. பின்னாளில் இதைத் திருத்தியவர்கள், புகை மூச்சுக்குழாயைப் பாதித்திருந்தால் இன்னும் 17 கூட்டச் சொன்னார்கள். அதாவது தோலில் ஒரு துளி காயம் இல்லாவிட்டாலும், மூடிய அறையில் சிக்கி மூக்கு முடி கருகி, எச்சிலில் கரி வந்து, குரல் கரகரத்துப் போனவர் 17 புள்ளியோடுதான் வருகிறார். குரல் மாறுவது மூச்சுக்குழாய் வீங்குவதன் முன்னறிவிப்பு. மின்சாரமோ சதவீதத்தைக் கேலியே செய்கிறது. விரலில் ஒரு கருத்த புள்ளி, உள்ளங்காலில் இன்னொன்று, அரை சதவீதம்கூட வராது. இடையே இருக்கும் தசை வெந்து, சிதைந்த தசைப்புரதம் சிறுநீரை அடர்நிறமாக்கி, சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இதயத் துடிப்பும் தாளம் தப்பலாம். ரசாயனத்தில் அமிலத்துக்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் திசுவைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்குவதால் பல நேரம் இன்னும் ஆழமாகப் போகின்றன. கையையோ மார்பையோ சுற்றி வளையமாக வெந்த ஆழமான காயம், விறைத்த தோலே கட்டாக இறுக்கி ரத்த ஓட்டத்தையோ மூச்சையோ நிறுத்திவிடும். அதை அறுவைச் சிகிச்சையில் கீறி விடுவிக்கத்தான் வேண்டும்.

இப்படிச் சொன்னால் நியாயமான ஒரு கேள்வி எழும். அனுபவமுள்ள நிபுணர்களே கண்ணால் பார்த்து ஆழத்தைச் சரியாகச் சொல்வது மூன்றில் இரண்டு முறைதான் என்று ஆய்வுகள் காட்டும்போது, வீட்டில் இருப்பவர் எப்படிக் கணிப்பார்? அவர் ஆழத்தைக் கணிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் பதில். உள்ளங்கையைவிடப் பெரிதா, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் ஒன்றா, காயம்பட்டவர் குழந்தையா முதியவரா, காரணம் மின்சாரமா ரசாயனமா, புகை சூழ்ந்த இடத்தில் இருந்தாரா, சுட்ட இடத்தில் உணர்ச்சி இல்லையா? ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் 108ஐ அழைக்கலாம். இதனால் தேவையில்லாமல் சிலர் ஆஸ்பத்திரி போவார்கள் என்பது உண்மை. அந்தச் செலவும் அலைச்சலும், மூன்று நாள் கழித்து ஆழம் தெரிந்து ஓடிவருவதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

மரணத்திலிருந்து தப்புவதோடு கடுமையின் கணக்கு முடிவதில்லை என்பதையும் சேர்த்தால்தான் வாதம் முழுமை பெறும். மூன்று வாரத்துக்குள் ஆறாத காயம் தடித்த, இழுக்கும் தழும்பாக மாறும் வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் தானாக ஆறாது என்று தெரிந்த ஆழமான பகுதியைக் காத்திருக்காமல் மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுத்து, அவருடைய தொடைத் தோலையே எடுத்து ஒட்டும் முறையைச் சோர யான்சேகோவிச் என்ற பெண் அறுவைச் சிகிச்சையாளர் இன்றைய ஸ்லோவேனியாவின் மரிபோரில் உருவாக்கி 1970இல் எழுதினார். கிருமித் தொற்றும் இறப்பும் குறைய இது பெரிய காரணம். தோல் ஒட்டினாலும் மாதக்கணக்கில் இறுக்கமான உடுப்பு, நாள்தோறும் விரலை மடக்கி நீட்டும் பயிற்சி வேண்டும். விட்டால் கழுத்து மார்போடு இழுத்துக்கொள்ளும், முழங்கை மடங்கியே நிற்கும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கையின் உள்ளங்கையும் விரலும் சேர்ந்து இரண்டு சதவீதம்தான். தையற்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் அந்த இரண்டு சதவீதத்தில் பிழைப்பு முழுவதும் இருக்கிறது. சட்டம்கூட இதை முழுமையாகப் பார்க்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வன்முறையில் அமிலம் வீசப்பட்டு உருக்குலைந்தவர்களைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. அது நல்ல காரியம். அடுப்புத் தீயில் அதே முகம், அதே கழுத்து இழுப்போடு பிழைத்தவர், பொதுவான இயக்கக் குறைபாட்டின் கீழ் மருத்துவக் குழுவிடம் அளந்து காட்டித்தான் சான்றிதழ் கேட்க வேண்டும். மூட்டு மடங்கினால் அளவு கிடைக்கும், முகம் மட்டும் உருமாறியவருக்கு அந்த அளவுகோலில் எண் விழுவதே கடினம். காயம் எப்படி வந்தது என்று கேட்பதற்குப் பதிலாக, அதனால் என்ன செய்ய முடியாமல் போனது என்று கேட்கும் விதியாக அதை மாற்றுவதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. பட்டியலில் உள்ள ஒரு விளக்கத்தைத் திருத்தினாலே போதும்.